மாங்காய் முத்திரை போட்ட கோணி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாசத்தில் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் நான் ஒரு சின்ன சிறுதானிய மில் நடத்துகிறேன். சாமை, தினை, வரகு வாங்கி, கல் நீக்கி, உமி நீக்கி, அரிசியாக்கி பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது தொழில். அன்றைக்கு மத்தியானம் மில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். கையில் மடித்த கோணி ஒன்று வைத்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து வரும் வெள்ளிமலை பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தே வந்திருக்கிறார்.

அவர் வந்த காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறந்தது மணலூர்பேட்டையில், நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில். எங்கள் வீட்டில் யாரும் வியாபாரம் பார்த்ததில்லை. கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்த பிறகு, ஒரே ஒரு மெஷினை வைத்து ஆரம்பித்து, ஒன்பது பேருக்கு வேலை கொடுக்கிற அளவுக்கு வந்தவள் நான். அதனால் எனக்கு வாய் ஜாஸ்தி. கோபம் அதைவிட ஜாஸ்தி. எனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது என்கிற நினைப்பு இரண்டையும்விட ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் வாத்தியார், வீட்டில் கேட்டுக்கொள்கிறவர்.

எங்கள் மில்லுக்கு முத்திரை ஒரு மாங்காய். சாமை மில்லுக்கு எதற்கு மாங்காய் என்று எல்லாரும் கேட்பார்கள். ஆரம்பத்தில் கோணியில் அச்சடிக்கப் போன இடத்தில், ஏதோ ஊறுகாய்க் கம்பெனிக்குச் செய்து அவர்கள் வாங்காமல் விட்ட அச்சு ஒன்று கிடந்தது. சும்மாவே தருகிறேன் என்றார் கடைக்காரர். சும்மா கிடைத்தால் விடுவேனா? பச்சை மசியில் மாங்காய் விழுந்தது. மலையில் எங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. மாங்கா மில்லு என்றால்தான் தெரியும்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. கல்வராயன் மலையில் நான் கொள்முதல் செய்கிற ஊர்களில் அட்வான்ஸ், அக்ரிமெண்ட் என்று எதுவும் கிடையாது. கதிர் முற்றுவதற்கு முன்னால் வாங்குகிறவரின் ஆள் வந்து கொல்லையை, அதாவது விதைத்த நிலத்தை, பார்ப்பார். விலை பேசுவார். பேசி முடிந்ததும், அந்த வீட்டில் எத்தனை மூட்டை தேறுமோ அத்தனை காலிக் கோணிகளை வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் ஒப்பந்தம். வீட்டுக்காரர்கள் அதில் ஒரு கோணியை எடுத்து, படம் வெளியே தெரிகிற மாதிரி வாசல் மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டால் வேறு வியாபாரியின் ஜீப் அந்த வாசலில் நிற்காது. நின்றாலும், எவ்வளவு கூடுதலாகக் கேட்டாலும், கோணி வைத்தாயிற்று என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

எங்களுக்காக அப்படிக் கோணி வைத்துக்கொண்டிருந்தவர் ஒரு ஜீப் வைத்திருந்த அண்ணன். நாலு வருஷமாக அவர்தான் எங்கள் ஏஜென்ட். மூட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன். மலை முழுக்க அவருக்கு அத்துப்படி. நான் மேலே போனதே மொத்தம் மூன்று தடவைதான் இருக்கும். வளைவு வளைவாக ஏறும்போதே எனக்கு வாந்தி வந்துவிடும். அவர் இருக்கும்போது நான் எதற்குப் போகணும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் ஆவணியில் அவர் அனுப்பிய பழைய சரக்கு ஒன்று ஈரமாக வந்து சேர்ந்தது. பார்க்காமல் மெஷினில் கொட்டிவிட்டார்கள். உள்ளே எல்லாம் அப்பிக்கொண்டு மெஷின் நின்றுபோனது. தீபாவளி ஆர்டர் வேறு கழுத்தை நெரித்தது. அவர் ஜீப்பை விட்டு இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். வேலை செய்கிற பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, வாய்க்கு வந்தபடி பேசினேன். நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதீங்க என்றேன். அவர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த ஜீப்பின் பின்னால் புதிதாக அச்சடித்த மாங்காய்க் கோணிக் கட்டு இருந்தது. அது போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், மலையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டாமா என்று கேட்டார். அவர்களுக்கு எதுக்குச் சொல்லணும், ஆள் வரலைன்னா தானாகத் தெரிந்துகொள்வார்கள் என்றேன். அவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார். அந்த வருஷத்துக்கு வேண்டிய சாமையை நான் ஜவ்வாது மலைப் பக்கம் ஏற்பாடு செய்துகொண்டேன். ஐப்பசி முடிவதற்குள் குடோன் நிறைந்துவிட்டது. கல்வராயன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது கார்த்திகையில், அந்தப் பெண் என் மில் வாசலில் நிற்கிறார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. மடித்திருந்த கோணியைப் பிரித்து மாங்காயைக் காட்டினார். புது மசி, புதுக் கோணி.

"மாங்கா மில்லு இதுதானேக்கா? ஜீப்பு எப்ப வரும்? மூட்ட கட்டி வச்சிக்கினு ஒரு மாசமா பாத்துக்கினு இருக்கோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. நான் நிறுத்தின பிறகு, புரட்டாசியில், அந்த அண்ணன் மலைக்குப் போயிருக்கிறார். எப்போதும் போல வீடு வீடாகப் போய்க் கொல்லையைப் பார்த்து, விலை பேசி, மாங்காய்க் கோணி வைத்திருக்கிறார். ஒரே ஊரில் முப்பத்தியொரு வீடு. ஐப்பசி பிறந்ததும் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர்தான், அப்புறம் ஆளே காணோம். நடுவில் இரண்டு வியாபாரிகள் நல்ல விலை கேட்டு வந்திருக்கிறார்கள். கோணியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது வரத்து பெருகி விலை இறங்கிவிட்டது. கேட்கவும் ஆள் இல்லை. அந்தப் பெண்ணோ, ஐப்பசியில் சரக்கு போய்விடும் என்று நம்பி, தகரம் போடுவதற்காக வீட்டுக் கூரையில் பாதியைப் பிரித்துவிட்டார். தகரக் கடைக்காரர் பணம் கொடுத்தால்தான் ஏற்றுவேன் என்கிறார். மேலே மழை பெய்துகொண்டிருக்கிறது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆள் மேல்தான். ஆனால் எதிரில் நிற்பது இவர். அவரை நான் ஆவணியிலேயே நிறுத்திவிட்டேன், அவர் வைத்த கோணிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அவரைப் போய்ப் பிடியுங்கள் என்று கணீரென்று சொன்னேன். அந்தப் பெண் கோணியிலிருந்த மாங்காயின் மேல் விரலை வைத்தார்.

"நிறுத்திட்டேன்னு எங்ககிட்ட யாருக்கா சொன்னாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். பதில் இல்லாவிட்டால் எனக்குக் குரல் பெரிதாகும். போலீஸில் புகார் கொடுக்கப் போகிறேன், என் கோணியை அவர் திருடியிருக்கிறார் என்றெல்லாம் பேசினேன். டீ வந்தது. அவர் தொடவில்லை. கோணியை மறுபடி நாலாக மடித்துக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் விடவில்லை. சாயங்காலமே கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீலிடம் போனேன். அவள் மணலூர்பேட்டையில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியே பத்தாவது பாஸ் பண்ணியவள் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவேன். அந்த ஆள் என் ஏஜென்ட் இல்லை, அவர் செய்ததற்கு நான் பொறுப்பில்லை என்று ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடு, உடனே வேணும் என்றேன். அவள் மெதுவடையைத் தின்றுகொண்டே முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, நீ அவரை நிறுத்தியது மலைக்காரர்களுக்கு எப்போது தெரியும் என்றாள். இன்றைக்கு மத்தியானம் ஒரு அம்மாவுக்குத் தெரியும் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"நீ திட்டின அன்னிக்கு அவருக்கு முடிஞ்சிபோச்சு. மலையில இருக்கறவங்களுக்கு இன்னும் முடியலடி. அவங்க காதுல விழற வரைக்கும் அவர் உன் ஆளுதான்."

இது என்ன அநியாயம் என்று குதித்தேன். அவள் பொறுமையாக விளக்கினாள். ஒப்பந்தச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். ஒருவரை உன் ஏஜென்ட் என்று நாலு வருஷம் ஊருக்குக் காட்டியது நீ. உன் கோணியை அவர் கையில் கொடுத்தது நீ. வேண்டாம் என்று முடிவு செய்தால், அவருக்குச் சொன்னால் மட்டும் போதாது. அவரை நம்பி உன்னோடு வியாபாரம் செய்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். தெரியாத வரைக்கும் அவர் பேசியது நீ பேசியதுதான். அவர் உன்னை ஏமாற்றியிருந்தால் நீ அவர் மேல் கேஸ் போடு, அது வேறே கதை. மலைக்காரர்களிடம் போய் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, இன்னும் உன் கோணி அவரிடம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அப்படியென்றால் இந்த நிமிஷம்கூட அவர் வேறு ஊரில் வைத்துக்கொண்டிருக்கலாம் என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும் என் பேர் அந்த மலையில் என்னைக் கேட்காமல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் இங்கே மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனாலும் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சட்டம் அப்படி இருந்தால் இருக்கட்டும், மலையிலிருந்து யார் கோர்ட்டுக்கு வரப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஓடியது உண்மை. கடைசியில் நானே ஒரு திட்டம் போட்டேன். நேரில் போவது. நடந்ததைச் சொல்வது. அவர் ஏமாற்றிவிட்டார், பாவம் பார்த்து இன்றைய விலைக்குப் பாதி மூட்டையை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வது. பாதி எடுத்தாலே அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று கணக்குப் போட்டேன். பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு, மறுநாள் காலையில் வாடகை ஜீப்பில் கிளம்பினேன்.

கோமுகி அணை தாண்டியதும் தூறல் ஆரம்பித்தது. மேலே ஏற ஏறப் பனியும் மழையும் சேர்ந்து, டிரைவர் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினார். வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வெள்ளிமலை போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இன்னும் உள்ளே, சேறும் கல்லுமான பாதையில் போனோம்.

ஊர் எல்லையில் முதல் வீட்டு வாசலிலேயே பார்த்தேன். மூங்கிலில் என் மாங்காய் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். மழையில் நனைந்து, மசி லேசாக வெளுத்து, வாசலுக்கு வாசல் மாங்காய். நாலு வருஷமாக இந்தக் கோணிகளைக் கட்டுக் கட்டாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டு வாசலில் தொங்கி நான் பார்த்ததே இல்லை. ஒத்திகை பார்த்த பேச்சில் பாதி அங்கேயே மறந்துபோனது.

ஜீப் சத்தம் கேட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். முதலில் வந்தது மில்லுக்கு வந்த அந்தப் பெண்தான். இவர் நேற்று நான் பேசியதையெல்லாம் ஊரில் சொல்லியிருப்பார், இப்போது என்னைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றேன். அவரோ எல்லாரையும் திரும்பிப் பார்த்து, "நான் சொல்லல? மில்லுக்கார அக்கா வந்துடுவாங்கன்னு" என்றார்.

ஒத்திகை பார்த்த பேச்சில் மிச்சமிருந்த பாதியும் அதோடு மறந்துபோனது. என்னைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

எல்லாரும் மழைக்கு ஒதுங்கினார்கள். அவர் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சொன்ன மாதிரியே கூரையில் ஒரு பக்கம் பிரித்துக் கிடந்தது. மேலே வானம் தெரிந்தது. தரை முழுக்க ஈரம். ஒரு ஓரத்தில் பாயும் போர்வையும் சுருட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். காய்ந்த இடம் அது ஒன்றுதான். இன்னொரு பக்கத்தில், கல் அடுக்கி, அதன் மேல் கட்டை போட்டு, என் கோணியில் கட்டிய ஏழு மூட்டைகள். அதன் மேல் நீலத் தார்ப்பாயை நாலு பக்கமும் கயிறு இழுத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரே ஒரு தார்ப்பாய்தான்.

ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். இந்தத் தொழிலில் கை பொய் சொல்லாது. சாமை காய்ந்து சலசலவென்று இருந்தது. ஒரு பொட்டு ஈரம் கிடையாது. தார்ப்பாயை மேலே கூரையில் கட்டியிருக்கலாமே, ஏன் கீழே கட்டி வைத்திருக்கிறீர்கள், நீங்கள் எல்லாரும் நனைகிறீர்களே என்று கேட்டேன்.

"மேல கட்டினா காத்துக்கு நிக்கல. இது உங்க சரக்குக்கா. கோணி வச்சப்பவே உங்களுதாயிடுச்சு. நாங்க பாத்துக்கினு இருக்கோம், அவ்ளோதான்."

ஈரச் சரக்கு வந்தது என்று நாலு பேர் பார்க்க ஒருவரைக் கூப்பாடு போட்டு அனுப்பியவள் நான். இங்கே ஒரு குடும்பம், என் சரக்கு நனையக் கூடாது என்று ஒரு மாசமாகத் தான் நனைந்துகொண்டிருக்கிறது. அதுவும் அது என் சரக்கு இல்லை என்று அவர் முகத்துக்கு நேராக நான் சொன்ன பிறகும். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைத்தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நேற்று நான் சொன்னதை ஏன் இவர்களிடம் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டேன். அவர் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சொல்லியிருந்தால் ராத்திரியே எல்லாரும் கோணியை அவிழ்த்துக் கொட்டியிருப்பார்கள். கிடைத்த விலைக்கு யாருக்காவது தள்ளிவிட்டிருப்பார்கள். அதற்கப்புறம் மாங்காய்ப் படத்தை இந்த ஊர்ப் பக்கம் யாரும் கொண்டுவர முடியாது. அதனால்தான், கணக்கு வழக்கு ஏதோ தகராறு, அக்கா ரெண்டு நாளில் வந்துவிடுவார் என்று தானாகவே சொல்லி வைத்தாராம்.

"நீங்க வருவீங்களான்னு எனக்குத் தெரியாதுக்கா. ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம்னு சொல்லிட்டேன்."

நான் அனுப்பாமலே, நான் கேட்காமலே, என் பேரில் அந்த ஊருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஜீப்காரர் செய்ததும் அதுதான். ஆனால் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்த ஈரத்தரையில் நின்றபோது எனக்குப் புரிந்தது. பாதி மூட்டை, இன்றைய விலை என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. வாசலுக்கு வந்தேன். மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சத்தமாகத்தான் சொன்னேன். சத்தமாகப் பேசுவது எனக்குப் புதிதா என்ன, ஆனால் அன்றைக்குப் பேசியதில் வீறாப்பு இல்லை.

"அந்த ஜீப்புக்காரர நான் நிறுத்திட்டேன். முன்னாடியே வந்து சொல்லாதது என் தப்பு. இதுவரைக்கும் அவர் வச்ச கோணி அத்தனையும் என் கோணி, அவர் பேசின விலைதான் என் விலை. இனிமே அவர் வந்து வச்சா அது என்னுது இல்ல."

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர், அப்போ லாரி இன்றைக்கே வருமா என்று கேட்டார். அவ்வளவுதான். அவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கோணி வைத்தவர் வந்து சரக்கை எடுக்கிறார், வேறென்ன?

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப்போய், ஸ்கூலில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். லாரி பிடித்து உடனே மேலே அனுப்பச் சொன்னேன். எத்தனை மூட்டைக்கு என்று கேட்டார். எல்லா மூட்டைக்கும் என்றேன். குடோனில் இடமே இல்லையே என்றார். நம் வீட்டு ஹாலில் இருக்கிறதே என்றேன். சரி, சோபாவை மாடியில் ஏற்றிவிடுகிறேன் என்றார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

லாரி சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. முப்பத்தியொரு வீட்டிலும் மூங்கிலில் கட்டியிருந்த மாங்காயை அவிழ்த்து, அடுப்புச் சூட்டில் காயவைத்து, அதிலும் மிச்சமிருந்த சாமையைக் கொட்டித் தைத்து ஏற்றினார்கள். அந்தப் பெண்ணின் ஏழு மூட்டையைக் கடைசியாக ஏற்றினோம். தார்ப்பாயை அவிழ்த்து, லாரியில் தன் மூட்டை மேல் போடப் போனார். லாரிக்குத் தார்ப்பாய் இருக்கிறது, நீங்கள் இதைக் கூரையில் கட்டுங்கள் என்று பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். அந்த வாரமே தகரம் போய் இறங்கிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வருஷம் எனக்கு லாபம் ஒன்றும் இல்லை. பொங்கல் வரைக்கும் எங்கள் ஹாலில் மூட்டைகளுக்கு நடுவே சந்து போட்டுத்தான் நடந்தோம். ஆனால் மனசு நிம்மதியாக இருந்தது. வக்கீல் தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். உன்னைக் கேட்காமல் ஒருத்தி உன் பேரில் சொன்ன சொல்லை, ஆமாம் என்று நீ ஏற்றுக்கொண்டுவிட்டால், முதலிலேயே நீ சொல்லி அனுப்பின மாதிரிதான், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றாள். சட்டம் எழுதினவர்களும் ஏதோ ஒரு மலையில் கோணி வைத்து ஏமாந்திருப்பார்கள் போல.

அந்த ஜீப் அண்ணனையும் சொல்லாமல் விடக்கூடாது. தை மாசத்தில் ஒருநாள் மிச்சக் கோணிக் கட்டோடு அவரே வந்தார். சேலத்துக்காரர் ஒருவருக்கு வாங்கித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். விலை இறங்கியதும் சேலத்துக்காரர் கைவிரித்துவிட்டார். இவர் மலையில் முகம் காட்ட முடியாமல் ஒதுங்கிவிட்டார். எதற்கு என் கோணியை வைத்தீர்கள் என்றேன். நாலு வருஷம் ஏறி இறங்கினேன், என் பேரைச் சொல்லிக் கேட்டால் ஒரு வீட்டில்கூடத் தரமாட்டேன் என்றார்கள், மாங்காயைக் காட்டினால்தான் தருகிறார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. வேலைக்காரர்கள் முன்னால் அப்படிப் பேசியது தப்பு என்று நானும் சொன்னேன், அதே பெண்கள் நிற்கும்போதே சொன்னேன். ஆனால் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு நல்லவள் இல்லை நான்.

இப்போது எங்களுக்காக அந்த மலையில் கோணி வைப்பது அந்தப் பெண்தான். அவரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், இனிமேல் இவர்தான் என் ஆள் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். பழைய கோணியைக் காட்டி யாரும் விலை பேசிவிடக் கூடாது என்று, ஒவ்வொரு வருஷமும் கோணியின் வாயில் ஒரு கலர் நூல் தைக்கிறோம். இந்த வருஷம் சிவப்பு. அந்தக் கலர் எது என்பதைப் புரட்டாசியில் நானே மேலே போய்ச் சொல்கிறேன். வாந்தி இன்னும் வருகிறது, எலுமிச்சம்பழம் இன்னும் கையில் இருக்கிறது, ஆனாலும் போகிறேன். மில்லில் யார் வேலையை விட்டுப் போனாலும், அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

கோபம் ஒன்றும் குறையவில்லை, இப்போதும் சுர்ரென்று வரும். ஆனால் யாரையாவது பார்த்து "நாளையிலிருந்து வராதே" என்று சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், கூரை பிரித்த அந்த வீட்டில் ஆட்கள் நனைந்துகொண்டிருக்க, இறுக்கிக் கட்டிய நீலத் தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்து கிடந்த என் மாங்காய்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. நான் எனக்குச் சம்பந்தமில்லை என்று உதறிவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்திலும் என் பேரை நனையாமல் வைத்திருந்தது அந்தப் பெண்தான்.